நாட்டுக்கு டாக்டர், கட்சிக்கு இல்லை: எவரெட் கூப் பற்றி ஒரு நீண்ட இழை

1/
 

"மத நம்பிக்கை ரொம்ப அழுத்தமா இருக்கிற ஒருத்தர் சுகாதாரத்துறைப் பொறுப்புக்கு வந்தா அறிவியல் என்ன ஆகும்?" அமெரிக்க அரசியல் செய்திகளைப் பார்க்கிற பலர் என்கிட்ட இதைக் கேட்கிறாங்க. தடுப்பூசி, கருக்கலைப்பு, எய்ட்ஸ் நிதி என்று எதை எடுத்தாலும் அங்கே சர்ச்சும் கட்சியும் சேர்ந்தே வருது.

இந்தக் கேள்விக்கு 40 வருஷம் முன்னாடியே ஒரு டாக்டர் தன் வேலையால பதில் சொல்லிட்டார். அவர் பெயர் சார்லஸ் எவரெட் கூப்.

2/
கூப் 1916-ல் நியூயார்க் புரூக்ளினில் பிறந்தவர். குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர். 1948 முதல் 1981 வரை பிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை அறுவை சிகிச்சை மருத்துவர்.

அவர் ஆரம்பிச்சப்போ குழந்தைகளுக்கு என்று தனி சர்ஜரி துறையே அமெரிக்காவுல சரியா உருவாகல. பிறந்த குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதே பெரிய ஆபத்து. அந்தக் காலத்தில் பச்சிளம் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை தீவிரப் பிரிவை 1956-ல் அங்கே அமைத்தார். ஒட்டிப் பிறந்த இரட்டையர்களைப் பிரித்தார். கைத்திறமையில் யாரும் குறை சொல்ல முடியாத ஆள்.

3/
இன்னொரு பக்கம், அவர் தீவிரமான பிரஸ்பிட்டேரியன் கிறிஸ்தவர். பைபிளை அப்படியே நம்பும் சுவிசேஷகப் பிரிவு. 1968-ல் அவர் மகன் டேவிட், கல்லூரியில் படிக்கும்போது மலையேற்ற விபத்தில் இறந்தார். அந்தத் துக்கத்தையும் விசுவாசத்தின் வழியாகவே கடந்து வந்ததாக அவரும் மனைவியும் புத்தகமே எழுதினார்கள்.

1979-ல் ஃபிரான்சிஸ் ஷேஃபர் என்ற இறையியலாளருடன் சேர்ந்து ஒரு புத்தகமும் திரைப்படத் தொடரும் செய்தார். கருக்கலைப்பு, சிசுக்கொலை, கருணைக்கொலை மூன்றையும் எதிர்க்கும் படைப்பு. அமெரிக்க சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் கருக்கலைப்பு எதிர்ப்பில் ஒன்று திரண்டதற்கு அந்தத் தொடர் ஒரு முக்கியக் காரணம்.

4/
இப்ப 1981. ரொனால்ட் ரேகன் ஜனாதிபதி. தன்னை ஜெயிக்க வைத்த கிறிஸ்தவ வலதுசாரிகளுக்குப் பிடித்த ஒருவரை சர்ஜன் ஜெனரலாகப் பரிந்துரைத்தார். கூப்தான் அவர்.

சர்ஜன் ஜெனரல் என்றால் என்ன? பெரிய பட்ஜெட் கிடையாது, சட்டம் போடும் அதிகாரமும் கிடையாது. நாட்டு மக்களிடம் உடல்நலம் பற்றிப் பேசும் உரிமை உண்டு. மக்கள் நம்பினால்தான் அந்தப் பதவிக்கே மதிப்பு.

5/
எதிர்ப்பு பலமா கிளம்புச்சு. பெண்ணுரிமை அமைப்புகள் எதிர்த்தன. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் எதிர்த்தது. பொதுச் சுகாதாரத்தில் அனுபவமே இல்லாத ஒரு சர்ஜன், கருக்கலைப்பை ஒழிக்கத்தான் வர்றார் என்பது குற்றச்சாட்டு. அவர் பெயரைத் திரித்து 'டாக்டர் கூக்', அதாவது கிறுக்கு டாக்டர் என்று கிண்டலடித்தார்கள்.

பல மாத இழுபறிக்குப் பிறகு 1981 நவம்பரில் செனட் 68-24 என்ற வாக்குகளில் ஒப்புதல் கொடுத்தது. ஆதரித்தவர்கள் தங்கள் ஆள் உள்ளே போயிட்டார் என்று சந்தோஷப்பட்டார்கள். எதிர்த்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். ரெண்டு பேர் கணக்கும் தப்பாப் போச்சு.

6/
முதலில் அவருடைய பழமைவாதம் எங்கே சரியாக வேலை செய்தது என்று சொல்லிடறேன். அதை விட்டுட்டுப் பேசினா நியாயமா இருக்காது.

1982 ஏப்ரல், இண்டியானா மாநிலம் புளூமிங்டன். டவுன் சிண்ட்ரோமுடன் ஒரு குழந்தை பிறந்தது. கூடவே உணவுக்குழாய் முழுசா உருவாகாத குறைபாடு. வாய் வழியாகப் பால் போக வழியில்லை. இதற்கு அறுவை சிகிச்சை உண்டு. பெற்றோர் வேண்டாம் என்றார்கள், நீதிமன்றமும் அவர்கள் முடிவை ஏற்றது. ஆறு நாளில் குழந்தை இறந்தது. 'பேபி டோ' வழக்கு என்பார்கள்.

7/
கூப் தன் வாழ்நாளில் எத்தனையோ குழந்தைகளுக்குச் செய்த ஆபரேஷன் அது. டவுன் சிண்ட்ரோம் இல்லாத குழந்தையா இருந்திருந்தா யாரும் யோசிச்சிருக்கவே மாட்டாங்க, உடனே தியேட்டருக்குக் கொண்டு போயிருப்பாங்க. அறிவு வளர்ச்சி குறைவாக இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குழந்தையைப் பட்டினியில் விடலாமா என்று கேட்டார்.

ஊனமுற்றோர் உரிமைக்காகப் போராடியவர்களும் இதில் அவர் பக்கம் நின்றார்கள். 1984-ல் குழந்தைகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இதற்காகத் திருத்தம் வந்தது. 'ஒவ்வொரு உயிரும் கடவுளின் சாயல்' என்ற நம்பிக்கைதான் அவரை அங்கே நிறுத்தியது. அந்த நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் அதனால் பலன் கிடைத்தது.

8/
அடுத்தது சிகரெட். குடியரசுக் கட்சிக்குப் புகையிலை மாநிலங்களில் பெரிய பலம். கூப்பின் நியமனத்தை முன்நின்று ஆதரித்த செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ், புகையிலை விளையும் வட கரோலினாக்காரர்.

கூப் அதைப் பார்க்கல. 1984-ல், 2000-க்குள் புகையில்லாச் சமுதாயம் வேண்டும் என்று அறைகூவினார். 1986 அறிக்கை, பக்கத்தில் இருப்பவர் விடும் புகையும் நுரையீரல் புற்றுநோயைக் கொண்டு வரும் என்றது. 1988 அறிக்கை, ஹெராயின், கோகெய்ன் போலவே நிகோடினும் அடிமையாக்கும் பொருள் என்றது. இன்னிக்கு விமானத்திலும் ஆபீஸிலும் புகை இல்லாம நாம உட்கார்ந்திருக்கிறோம்னா அதுல அவருக்கும் பங்கு இருக்கு.

9/
இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம். எய்ட்ஸ்.

1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வமான நிமோனியா பற்றி முதல் அறிக்கை வெளியானது. அடுத்த சில வருஷங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். ரேகன் அரசு கிட்டத்தட்ட மௌனம். கூப்பையும் எய்ட்ஸ் பற்றிப் பேசாமல் ஓரமாகவே வைத்திருந்தார்கள். அந்த இழந்த வருஷங்களுக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

கிறிஸ்தவ வலதுசாரி மேடைகளில் 'இது பாவத்தின் சம்பளம்' என்ற பேச்சு சாதாரணமா ஓடிக்கிட்டு இருந்தது.

10/
1986 பிப்ரவரியில் ரேகன், எய்ட்ஸ் பற்றி அறிக்கை தயாரிக்கச் சொன்னார். கூப் இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட அமைப்புகளைக் கூப்பிட்டுப் பேசினார். தன்பாலின ஈர்ப்பாளர் அமைப்புகள், ஹீமோபிலியா நோயாளிகள், தெற்கு பாப்டிஸ்டுகள், கத்தோலிக்கர்கள் எல்லோரையும் கேட்டார். பிறகு யாரிடமும் கொடுக்காமல் தானே எழுதினார். 17 முறை திருத்தி எழுதினார்.

வெள்ளை மாளிகைக் கூட்டத்தில் எண் போட்ட பிரதிகளைக் கொடுத்து, கூட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டார். யாராவது 'கொஞ்சம் மாத்தலாம்' என்று எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதே!

11/
1986 அக்டோபர் 22-ல் அறிக்கை வந்தது. என்ன இருந்தது?

ஒன்று: கைகுலுக்கினால், கூடச் சாப்பிட்டால் எய்ட்ஸ் பரவாது.
இரண்டு: ஒருவனுக்கு ஒருத்தி என்று இருப்பதும், திருமணம் வரை காத்திருப்பதும் சிறந்த பாதுகாப்பு.
மூன்று: அப்படி இல்லாதவர்கள் ஆணுறை பயன்படுத்த வேண்டும்.
நான்கு: பள்ளிக் குழந்தைகளுக்குச் சின்ன வகுப்பிலேயே பாலியல் கல்வி தொடங்க வேண்டும்.
ஐந்து: கட்டாயப் பரிசோதனை, நோயாளிகளை அடைத்து வைப்பது இரண்டும் வேண்டாம். அப்படிச் செய்தால் நோய் உள்ளவன் ஒளிந்துகொள்வான்.

இரண்டாவது பாயின்ட் அவருடைய விசுவாசத்தோடு ஒத்துப்போனது, மருத்துவமும் அதுவே. மூன்றாவதும் நாலாவதும் அவரை ஜெயிக்க வைத்தவர்களுக்குப் பிடிக்காதவை. ஆனா அவையும் மருத்துவமே. அதனால ரெண்டையும் எழுதினார்.

12/
தன்பாலின உறவு பாவம் என்பது அவருடைய நம்பிக்கை. அதை அவர் மாத்திக்கவே இல்லை. ஆனா, தான் நாட்டுக்கு டாக்டர், நாட்டுக்குப் பாதிரியார் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். ஒழுக்கமா இருக்கிறவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் சேர்த்துத்தான் தான் சர்ஜன் ஜெனரல் என்பது அவர் நிலைப்பாடு.

எங்க தொழில்ல இது அடிப்படைப் பாடம். எதிரே உட்கார்ந்திருக்கிறவர் 'டாக்டர் நம்மளைக் கேவலமா நினைப்பார்' என்று நினைச்சா உண்மையைச் சொல்ல மாட்டார். குடியை மறைப்பார், போன இடத்தை மறைப்பார், பால்வினை நோயை மறைப்பார். மறைச்சா வைத்தியம் தப்பாகும். நோய் அடுத்தவருக்கும் போகும்.

13/
கூட இருந்தவர்கள் கொதித்தார்கள். 'துரோகி' என்ற அளவுக்குப் பேச்சு போனது. கல்வி அமைச்சர் வில்லியம் பென்னட் கட்டாயப் பரிசோதனை வேண்டும் என்று வாதாடினார். 1987-ல் கூப்பைப் பாராட்டி ஏற்பாடான ஒரு விருந்தைப் புறக்கணிக்கும்படி ஃபில்லிஸ் ஷ்லாஃப்லி, பால் வெய்ரிக் போன்ற பழமைவாதத் தலைவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஜனாதிபதி வேட்பாளர் ஆக நினைத்த சில குடியரசுக் கட்சித் தலைவர்கள் நைசாக விலகிக்கொண்டார்கள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? 1987-ன் முதல் வாரங்களை மதக் கூட்டங்களுக்கு என்றே ஒதுக்கினார். ஜெரி ஃபால்வெல்லின் சபைக்குப் போனார். மூடி பைபிள் கல்லூரிக்குப் போனார். மத ஒலிபரப்பாளர்கள் மாநாட்டுக்குப் போனார். தன்னைத் திட்டுகிற சொந்த வீட்டு ஆட்களிடமே போய், விசுவாசியின் மொழியிலேயே, ஆணுறை பற்றி ஏன் பேச வேண்டியிருக்கு என்று விளக்கினார்.

14/
1988-ல் இன்னும் ஒரு படி மேல போனார். 'எய்ட்ஸைப் புரிந்துகொள்வோம்' என்ற 8 பக்கப் பிரசுரம் அமெரிக்காவின் எல்லா வீடுகளுக்கும் தபாலில் போனது. மொத்தம் 10.7 கோடி முகவரிகள்.

எய்ட்ஸ் பற்றிப் பேசவே கூசிய ஒரு அரசாங்கத்தின் பெயரில் அது போனது. அதில் அவர் படமும் செய்தியும் இருந்தன. தாடி வைத்த, சீருடை போட்ட, பைபிள் படிக்கிற ஒரு தாத்தா சொன்னதால் பல குடும்பங்கள் அதைத் தூக்கிப் போடாமல் படித்தன என்று நினைக்கிறேன். நியூயார்க் முற்போக்குவாதி ஒருவர் இதையே சொல்லியிருந்தா டெக்சஸ் கிராமத்தில் யார் கேட்டிருப்பா?

15/
இந்த இடத்தில் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கு. அதே 1986-ல்தான் இந்தியாவில் முதன்முதலாக ஹெச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது. இடம் சென்னை. மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். பரிசோதனை நடந்தது வேலூர் சி.எம்.சி.யில். அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் தொடங்கிய மருத்துவப் பணி அது.

'நம்ம கலாசாரத்துக்கு அதெல்லாம் வராது' என்று இங்கேயும் நிறையப் பேர் நம்பிக்கிட்டு இருந்த நேரம். வைரஸுக்குக் கலாசாரம் தெரியாது.

16/
கடைசிச் சோதனை கருக்கலைப்பில் வந்தது. 1987-ல் ரேகன், கருக்கலைப்பால் பெண்களின் உடலுக்கும் மனசுக்கும் என்ன பாதிப்பு என்று அறிக்கை தரச் சொன்னார். 'கருக்கலைப்பு பெண்ணைப் பாழாக்கும் என்று சர்ஜன் ஜெனரலே சொல்லிட்டார்' என்று ஒரு காகிதம் கிடைச்சா போதும், மீதியை நாங்க பார்த்துக்கிறோம் என்று பழமைவாதிகள் காத்திருந்தார்கள்.

கூப் 250-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்தார். 1989 ஜனவரியில் ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார். சாரம் இதுதான்: இருக்கிற ஆய்வுகள் தரமா இல்லை. இவற்றை வைத்துப் பாதிப்பு உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

17/
யோசிச்சுப் பாருங்க. கருக்கலைப்பு கொலைக்குச் சமம் என்று நம்பும் மனிதர். வாழ்நாள் முழுக்க அதை எதிர்த்தவர். பேனா கையில் இருக்கு, ஜனாதிபதியே கேட்கிறார். ஒரு வரி வளைச்சு எழுதியிருந்தா அவர் இயக்கத்துக்குப் பெரிய வெற்றி.

எழுதல. கருக்கலைப்பு சரியா தப்பா என்பது அறம் சார்ந்த கேள்வி, அதை அறத்தின் மேல நின்று வாதாடணும், அரைகுறை ஆய்வின் முதுகில் ஏற்றக் கூடாது என்பதே அவர் எண்ணம்.

என் பார்வை இதில் வேற. 1971 எம்.டி.பி. சட்டம் இருக்கிற நாட்டில் வேலை பார்க்கிறவன் நான். பாதுகாப்பான கருக்கலைப்பு இல்லாத இடத்தில் பெண்கள் எப்படிச் சாகிறாங்கன்னு மருத்துவம் படிச்ச எல்லாருக்கும் தெரியும். ஆனா கூப் போன்ற ஒருத்தரோட நான் உட்கார்ந்து வாதாட முடியும். அவர் காட்டும் எண் உண்மையான எண் என்று எனக்குத் தெரியும்.

18/
அவர் தெய்வம் ஒண்ணும் இல்லை. பதவியிலிருந்து இறங்கிய பிறகு, தொண்ணூறுகளின் கடைசியில் அவர் பெயரில் ஒரு மருத்துவ இணைய நிறுவனம் வந்தது. வணிகத் தொடர்புகளை வாசகருக்குத் தெளிவா சொல்லல என்ற விமர்சனம் எழுந்தது. 2001-ல் அந்த நிறுவனம் திவாலானது. நம்பிக்கையைச் சம்பாதிக்க எட்டு வருஷம் ஆச்சு, அதை விற்க ஆரம்பிச்சா எவ்வளவு வேகமா கரையும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம். 2013-ல், 96 வயதில் காலமானார்.

19/
சரி, இந்தப் பழைய கதை இப்ப எதுக்கு?

கூப் விதைத்தது கொஞ்ச காலம் கழிச்சு முளைத்தது. எய்ட்ஸ் விழிப்புணர்வு நிதிக்கு 1987-ல் முட்டுக்கட்டை போட்ட அதே ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ், 2002-ல் கிறிஸ்தவத் தலைவர்கள் கூடிய எய்ட்ஸ் மாநாட்டில், தான் போதுமான அளவு செய்யாததற்கு வெட்கப்படுவதாகச் சொன்னார்.

2003 ஜனவரியில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், ஐந்து வருஷத்துக்கு 1,500 கோடி டாலர் என்று பெப்ஃபார் எய்ட்ஸ் திட்டத்தை அறிவித்தார். சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் பின்னால் நின்றார்கள். அந்தத் திட்டம் சுமார் 2.5 கோடி உயிர்களைக் காப்பாற்றியதாக அமெரிக்க வெளியுறவுத்துறை கணக்குச் சொல்கிறது. பழமைவாதக் கிறிஸ்தவம் அரசியலில் செய்த மிகப் பெரிய நல்ல காரியம் எது என்று கேட்டா, நான் இதைத்தான் சொல்வேன்.

20/
இருபது வருஷம் கழிச்சு என்ன ஆச்சு? 2023-ல் அதே திட்டத்தின் ஐந்தாண்டுப் புதுப்பிப்பு முடங்கியது. பெப்ஃபார் பணம் மறைமுகமாகக் கருக்கலைப்புக்குப் போகிறது என்று சில பழமைவாத அமைப்புகள் கிளப்பிய குற்றச்சாட்டு காரணம். அமெரிக்க வெளிநாட்டு உதவிப் பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடக் கூடாது என்று 1973-லேயே சட்டம் இருக்கு. அந்தச் சட்டத்தின் பெயரே ஹெல்ம்ஸ் திருத்தம்!

சந்தேகம் இருந்தா தணிக்கை செய்யுங்க, விதி மீறியவனைத் தண்டியுங்க. அது நியாயம். ஆனா 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவி மொத்தமும் நிறுத்தப்பட்டபோது, ஹெச்.ஐ.வி. மாத்திரைக்கு விலக்கு வரும் வரை பல நாட்டு கிளினிக்குகள் தவித்தன. வந்த பிறகும் குழப்பம் தீரல.

21/
ஒரு டாக்டரா இதுல உள்ள ஆபத்தைச் சொல்றேன். ஹெச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்தினா சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் மறுபடி ஏறும். கர்ப்பிணித் தாய்க்குச் சிகிச்சை இல்லையென்றால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையா மாத்திரை எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே.

வயிற்றில் இருக்கும் குழந்தையின் உயிரைக் காக்கத்தான் இந்த இயக்கமே பிறந்தது. அந்தக் குழந்தைக்கு வரும் மாத்திரை தடைப்படும்போது சபைகளில் இருந்து பெரிசா ஒரு சத்தம் வந்திருக்க வேண்டாமா? சிலர் பேசினார்கள், மறுக்கல. பெரும்பான்மை மேடைகள் கட்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தன.

22/
தடுப்பூசியிலும் இதே கதை. மனித ஜீனோம் திட்டத்தை வழிநடத்திய ஃபிரான்சிஸ் காலின்ஸ், வெளிப்படையான சுவிசேஷக் கிறிஸ்தவர். கோவிட் காலத்தில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் தலைவர். 'என் சகோதரர்களே, தடுப்பூசி போடுங்க' என்று போதகர்களோடு உட்கார்ந்து பேசினார். 'அவர் அரசாங்கத்து ஆள்' என்று சொந்தச் சபை ஆட்களே ஒதுக்கினார்கள்.

2025-ல் மேற்கு டெக்சஸில் தட்டம்மை பரவி 760-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். தடுப்பூசி போடாத இரண்டு குழந்தைகள் இறந்தன. 2000-லேயே ஒழித்துவிட்டதாக அமெரிக்கா அறிவித்த நோய் அது.

23/
'மத நம்பிக்கை உள்ளவங்களே இப்படித்தான்' என்று முடிச்சிடாதீங்க. கூப், காலின்ஸ் இரண்டு பேருமே நம்பிக்கை உள்ளவர்கள். கூப்பை ஆரம்பத்தில் எதிர்த்த ஜனநாயகக் கட்சி எம்.பி. ஹென்றி வாக்ஸ்மன் பின்னாளில் அவரை மனதாரப் பாராட்டினார். 1995-ல் கிளிண்டன் அவருக்கு ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் கொடுத்தார். 'டாக்டர் கூக்' என்று கிண்டலடித்தவர்களும் ஆளைத் தப்பாத்தான் எடை போட்டிருந்தார்கள். நம்பிக்கையைப் பார்த்தார்கள், நேர்மையைப் பார்க்கல.

24/
அதனால ஒருத்தர் பொதுப் பொறுப்புக்கு வரும்போது, அது அமெரிக்காவோ நம்ம மாவட்டமோ, அவர் நெற்றியையும் கழுத்தையும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ரெண்டு கேள்வி கேளுங்க. தன் கொள்கைக்கு எதிரா ஒரு உண்மை வந்தப்போ அதை வாய்விட்டுச் சொன்னாரா? தன் ஆளுங்க கோபப்படுவாங்கன்னு தெரிஞ்சும் அவங்ககிட்டயே போய்ச் சொன்னாரா?

ரெண்டுக்கும் ஆமாம் என்றால், அவர் எந்தக் கோயிலுக்கு, எந்தச் சர்ச்சுக்கு, எந்த மசூதிக்குப் போனாலும் உங்க குழந்தையை அவர்கிட்ட நம்பிக் காட்டலாம்.

சபைக்காரங்க, போதகர்கள் யாராவது இதைப் படிச்சா அவங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க விசுவாசத்தை விடச் சொல்லி யாரும் கேட்கல. கூப் விடல. அடுத்த முறை தடுப்பூசி பற்றியோ நோய் பற்றியோ ஒரு ஃபார்வர்டு வந்தா, பிரசங்கத்தில் சொல்றதுக்கு முன்னாடி உங்க சபையில் இருக்கிற டாக்டரையோ நர்ஸையோ ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்க. அவங்க சொல்றது உங்களுக்குப் பிடிக்காததா இருந்தா, அதையும் அப்படியே சபையில் சொல்லுங்க.